வீட்டு பிரிண்டர் ‘ஓஃப்லைன்’ என்றால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கடந்த ஒக்டோபர் மாதம் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் இருக்கும் சித்தி வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். ஒரு நாள் பின்னேரம் இடி மழை பெய்து கரண்ட் போனது. ஆறு மணியளவில் திரும்பி வந்தது. லைட் எரிந்தது, ரவுட்டர் எரிந்தது, பிரிண்டரும் எரிந்தது. ஆனால் மடிக்கணினியில் அச்சிடக் கொடுத்தால் ‘ஓஃப்லைன்’ என்று மட்டுமே காட்டியது.

மற்ற நாட்களில் இது ஒரு பெரிய விடயம் அல்ல. அன்று அப்படி விட முடியவில்லை. மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸில் பெரியம்மா ஹட்டன் டவுனுக்குப் போகவேண்டும். சமாதான நீதவான் ஒருவர் முன்னால் சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைத்து, அன்றே அதைப் பதிவுத் தபாலில் வவுனியாவில் உள்ள சட்டத்தரணிக்கு அனுப்பவேண்டும். நான்கு பக்கம். அது தங்கச்சியின் மடிக்கணினிக்குள் இருந்தது.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் பெரியம்மாவின் குடும்பமும் ஒன்று. கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள். 2009இல் அவருடைய மகன் காணாமல் போனார். அன்றிலிருந்து பெரியம்மாவிடம் ஒரு பைல் இருக்கிறது. இந்தக் கட்டுரையை வாசிக்கும் பலருடைய வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, ஒரு படம். 2010இல் இருந்து ஆணைக்குழுக்கள் வந்தன, போயின. பிறகு அலுவலகங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அதே கடிதங்களை மறுபடி பிரதி எடுத்துக் கொடுக்கவேண்டியிருந்தது.

“காலையில டவுன்ல கடையில எடுத்துக்கலாமே பெரியம்மா” என்று கேட்டேன். வேண்டாம் என்றார். போன தடவை ஒரு கடைக்குப் போனபோது, மகனின் படம் அந்தக் கடைக் கணினியின் திரையில், யாரோ ஒருவரின் கல்யாண அழைப்பிதழுக்குப் பக்கத்தில், அப்படியே கிடந்ததைக் கண்டிருக்கிறார். அதற்கு நான்கு மாதத்துக்கு முன்னால் கொடுத்த படம் அது. யாரும் வேண்டுமென்று வைத்திருக்கவில்லை, அழிக்க மறந்திருக்கிறார்கள். ஆனால் தேடிப் போனதற்காக வீட்டுக்கு வந்து விசாரிக்கப்பட்ட ஒரு தாய்க்கு அந்த மறதி எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அன்றிரவு நான் ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் தவறான ஒழுங்கில் தேடினேன். சரியான ஒழுங்கில் தேடியிருந்தால் இருபது நிமிடம் போதும். அந்த ஒழுங்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இணையம் வேறு, வைஃபை வேறு

நான் செய்த முதல் பிழை, டேட்டா முடிந்துவிட்டது என்று நினைத்து ரீலோட் போட்டது. பணம் போனதுதான் மிச்சம்.

வீட்டுக்குள் அச்சிட இணையம் தேவையில்லை. மடிக்கணினி, ரவுட்டர், பிரிண்டர் மூன்றும் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்கின்றன. பக்கத்துக் காம்பராவில் உப்பு வாங்க ஹட்டன் டவுனுக்குப் போகத் தேவையில்லை அல்லவா, அதுபோல. கோபுரத்தில் சிக்னல் இல்லாவிட்டாலும், டேட்டா முடிந்திருந்தாலும், ரவுட்டருக்குக் கரண்ட் இருந்தால் வீட்டு வைஃபை இருக்கும். இணையத்தோடு இணைந்தால் மட்டுமே இயங்கும் சில புதிய மாதிரிகளும், இணையம் வழியாக அச்சுக் கட்டளை அனுப்பும் சில செயலிகளும் இதற்கு விதிவிலக்கு. சாதாரண வீட்டு பிரிண்டர்கள் அப்படி அல்ல.

இன்னொன்று: அச்சிடவும் ஸ்கேன் செய்யவும் பிரதி எடுக்கவும் முடிகிற இயந்திரம் என்றால், பிரதி எடுப்பதற்கு வைஃபையே தேவையில்லை. கண்ணாடியில் கடிதத்தை வைத்து இயந்திரத்திலேயே உள்ள பொத்தானை அழுத்தினால் போதும். பைலில் இருந்த பழைய கடிதங்களுக்கெல்லாம் அப்படித்தான் அன்றிரவு பிரதி எடுத்தோம். மிஞ்சியது அந்த நான்கு பக்கம் மட்டும்.

முதலில் வரிசையைக் காலியாக்குங்கள்

அச்சாகவில்லை என்றதும் நாம் எல்லோரும் செய்வது, மறுபடி மறுபடி பிரிண்ட் கொடுப்பது. ஒவ்வொரு தடவையும் கணினி அந்தக் கட்டளையை வரிசையில் நிறுத்தி வைக்கிறது. முன்னால் நிற்கும் ஒன்று சிக்கிக்கொண்டால் பின்னால் உள்ளவையும் நகராது.

விண்டோஸ் கணினியில் ‘பிரிண்டர்ஸ் அன்ட் ஸ்கேனர்ஸ்’ என்ற இடத்தில் உங்கள் பிரிண்டரைத் தெரிவு செய்து, வரிசையைத் திறந்து, எல்லாவற்றையும் இரத்துச் செய்யுங்கள். ‘யூஸ் பிரிண்டர் ஓஃப்லைன்’ என்பதில் சரி அடையாளம் இருந்தால் எடுத்துவிடுங்கள். சில வேளை பிரிண்டர் உண்மையில் நன்றாகவே இருக்கும். அந்த அடையாளம்தான் தடுத்துக்கொண்டிருக்கும். இரத்துச் செய்தும் வரிசை அழியாவிட்டால், ‘சேர்விசஸ்’ பட்டியலில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்பதை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். கணினியை மீள ஆரம்பித்தாலும் அதே வேலை நடக்கும்.

ரவுட்டர் முதலில், பிரிண்டர் பிறகு

அடுத்தது, எல்லாவற்றையும் அணைத்து, ஒழுங்காக மறுபடி போடுவது. ரவுட்டரை முதலில் போட்டு, அதன் விளக்குகள் நிலையாகும் வரை இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். பிறகு பிரிண்டர். அதன் பிறகு கணினி அல்லது போன். மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் பிரிண்டர் வைஃபையைத் தேடும்போது ரவுட்டர் இன்னும் எழும்பியிருக்காது. சில பிரிண்டர்கள் கொஞ்ச நேரம் தேடிவிட்டு அப்படியே நின்றுவிடும். கரண்ட் போய் வரும்போது நடப்பதும் இதுதான்.

இப்போது பிரிண்டரின் வைஃபை விளக்கைப் பாருங்கள். பெரும்பாலான மாதிரிகளில், நிலையாக எரிந்தால் பிரிண்டர் ரவுட்டரோடு சேர்ந்துவிட்டது. விட்டு விட்டு எரிந்தால் இன்னும் சேரவில்லை. இந்த ஒரு விளக்கை வைத்தே பிரச்சினை எந்தப் பக்கம் என்று பிரித்துவிடலாம்.

விளக்கு மினுங்கினால்

பிரிண்டர் ரவுட்டரோடு சேரவில்லை என்று அர்த்தம். பொதுவான காரணங்கள் இவை.

வைஃபை பெயரோ கடவுச்சொல்லோ மாறியிருக்கலாம். புது ரவுட்டர் வாங்கினால், பழையதை ரீசெட் செய்தால், இது நடக்கும். போனில் நாம் உடனே புதுக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுகிறோம். பிரிண்டருக்கு யாரும் சொல்வதில்லை. ரவுட்டரில் ‘டபிள்யூ.பி.எஸ்.’ என்ற பொத்தான் இருந்தால் அதை அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் பிரிண்டரின் வைஃபை பொத்தானை அழுத்திப் பிடித்தால் கடவுச்சொல் இல்லாமலே சேர்ந்துவிடும். பொத்தான் இல்லாவிட்டால் பிரிண்டரின் சொந்தச் செயலி வழியாகச் சேர்க்கவேண்டும்.

அலைவரிசை பொருந்தாமல் இருக்கலாம். இப்போதைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கின்றன. மலிவு பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். ரவுட்டரில் 2.4 அணைக்கப்பட்டிருந்தால் அந்த வைஃபை பிரிண்டரின் கண்ணில் படவே படாது. பாதுகாப்பு முறையும் அப்படித்தான்: ரவுட்டரில் ‘டபிள்யூ.பி.ஏ. 3’ மட்டும் என்று வைத்திருந்தால் பழைய பிரிண்டர்கள் சேரமாட்டா. ‘டபிள்யூ.பி.ஏ. 2’ அல்லது இரண்டும் கலந்தது என்று மாற்றுங்கள்.

மலையகத்து வீடுகளுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. கோபுரச் சிக்னல் கிடைப்பதற்காக ரவுட்டரை முன்பக்க ஜன்னலில் வைக்கிறோம். பிரிண்டர் பின்னால் இழுத்துக் கட்டிய தகரக் கூரை அறையில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் பழைய லயத்தின் தடித்த கருங்கல் சுவர். கல் சுவர் அலையை உறிஞ்சும். தகரம் அதைத் திருப்பி அடிக்கும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டுவதில் 5ஐ விட மேல். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. ரவுட்டர் ஜன்னலிலேயே இருக்கட்டும். பிரிண்டரை அதே அறைக்குள் கொண்டுவாருங்கள். சேர்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்துப் பார்க்கலாம்.

விளக்கு நிலையாக எரிந்தும் அச்சாகாவிட்டால்

சித்தி வீட்டில் விளக்கு நிலையாகத்தான் எரிந்தது. அதைப் பார்க்காமல் நான் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கத் திரிந்தேன்.

விளக்கு நிலையாக இருந்தால், அடுத்ததாக அச்சிடக் கட்டளை கொடுக்கும் கருவியைப் பாருங்கள். என் போனில் பிரிண்டர் பட்டியல் வெறுமையாக இருந்தது. போன் தன் சொந்த டேட்டாவில் ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். வைஃபையைப் போட்ட பிறகும் பட்டியல் வெறுமைதான். விருந்தாளிகளுக்கென்று தங்கச்சி வைத்திருந்த ‘கெஸ்ட்’ வைஃபைக்கு நான் சேர்ந்திருந்தேன். கெஸ்ட் வைஃபையில் உள்ளவர்களுக்கு இணையம் கிடைக்கும். வீட்டில் உள்ள மற்றக் கருவிகளைப் பார்க்க விடாது. அது பாதுகாப்புக்காகச் செய்தது. ‘ஏ.பி. ஐசொலேஷன்’ என்று ரவுட்டரில் உள்ள அமைப்பும் இதே வேலையைச் செய்யும். அச்சிடும் கருவியும் பிரிண்டரும் ஒரே வைஃபையில், தடுப்பில்லாமல் இருக்கவேண்டும். விண்டோஸ் கணினி என்றால், வீட்டு வைஃபையை ‘பப்ளிக்’ என்று அல்ல, ‘பிரைவேட்’ என்று குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ‘ஓஃப்லைன்’ என்றால், முகவரியைச் சந்தேகியுங்கள்.

முகவரி மாறிய பிரிண்டர்

வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் இலக்கத்தைக் கொடுக்கிறது. 192.168.1.4 என்பது போல. இதுதான் ஐ.பி. முகவரி. இது நிரந்தரமானது அல்ல. கொஞ்சக் காலத்துக்குக் கொடுக்கப்படும் இரவல்.

தோட்டங்களில் காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் பதிந்து, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்பார்கள். ரவுட்டர் செய்வதும் ஒரு பெரட்டுத்தான். கரண்ட் போய் வந்தால் பல மலிவு ரவுட்டர்கள் பழைய பதிவை மறந்து, புதிதாகப் பெரட்டுப் போடுகின்றன. முந்தி வந்தவருக்கு முந்திய இலக்கம். அன்று பிரிண்டருக்கு முன்னால் மச்சானின் போன் போய்ச் சேர்ந்திருந்தது. பிரிண்டரின் பழைய இலக்கம் அந்தப் போனுக்குப் போய்விட்டது; பிரிண்டருக்கு வேறு இலக்கம்.

ஆனால் மடிக்கணினிக்கு இது தெரியாது. அது பழைய இலக்கத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த இலக்கத்தில் இருந்த போனுக்கு அச்சிடத் தெரியாது. பதில் வரவில்லை என்றதும் கணினி ‘ஓஃப்லைன்’ என்றது. பிரிண்டர் பழுதும் அல்ல, ஓஃப்லைனும் அல்ல. அது வேறு இலக்கத்தில் காத்துக்கொண்டிருந்தது.

இதைப் பெரியம்மாவுக்கு விளக்கியபோது, “அப்ப மிஷின் வீடு மாறிருச்சு, இதுக்கு யாரும் சொல்லல” என்றார். 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பி, தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் என்று போனவர் அவர். இங்கே தோட்டத்திலும் நிலைமை பெரிதாக வேறு அல்ல. பல லயங்களில் தலைமுறை தலைமுறையாக வீட்டு இலக்கமோ தெருப் பெயரோ இருந்ததில்லை. தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகு கைக்கு வந்த கதை மலையகத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும்.

திருத்தும் முறை இது. பிரிண்டரிலேயே அதன் தற்போதைய முகவரியைக் கேளுங்கள். திரை உள்ள மாதிரியில் வலையமைப்புப் பகுதியில் தெரியும். திரை இல்லாவிட்டால் வைஃபை பொத்தானையோ தகவல் பொத்தானையோ அழுத்திப் பிடித்தால் ஒரு தாளில் அச்சிட்டுத் தரும். எந்தப் பொத்தான் என்பது மாதிரிக்கு மாதிரி வேறு. அந்தத் தாளில் உள்ள இலக்கத்தைக் கணினியின் இணைய உலாவியில் முகவரி எழுதும் இடத்தில் தட்டுங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறந்தால் வலையமைப்பில் எந்தக் குறையும் இல்லை. கணினியில் உள்ள பழைய முகவரி மட்டுமே பிரச்சினை.

பிறகு ‘பிரிண்டர் புரொப்பர்டீஸ்’ போய், ‘போர்ட்ஸ்’ பகுதியில் கணினி எந்த இலக்கத்துக்கு அனுப்புகிறது என்று பாருங்கள். சித்தி வீட்டில் கணினி 192.168.1.4க்கு அனுப்பியது, பிரிண்டரின் தாளில் இருந்தது 192.168.1.7. ‘அட் போர்ட்’ அழுத்தி, ‘ஸ்டாண்டர்ட் டி.சி.பி. ஐ.பி. போர்ட்’ தெரிவு செய்து, புது இலக்கத்தைக் கொடுங்கள். இது சிரமம் என்றால் பிரிண்டரைக் கணினியிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தாலும் சரி.

அடுத்த இடி மழைக்கும் இதே கதை நடக்காமல் இருக்க இன்னொரு வேலை உண்டு. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அதன் முகவரியும் நுழைவுச் சொல்லும் இருக்கும். உலாவியில் அங்கே நுழைந்து, ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ அல்லது ‘ஸ்டேட்டிக் டி.எச்.சி.பி.’ என்ற இடத்தைத் தேடுங்கள். பிரிண்டர் தந்த தாளில் ‘மேக் அட்ரஸ்’ என்று ஒரு நீண்ட குறி இருக்கும். அது பிரிண்டரின் அடையாள அட்டை இலக்கம் போன்றது, மாறாது. அந்தக் குறிக்கு இந்த முகவரி என்று எழுதிச் சேமித்துவிட்டால், எத்தனை தடவை கரண்ட் போய் வந்தாலும் அந்த இலக்கத்தை ரவுட்டர் வேறு எவருக்கும் கொடுக்காது.

ரவுட்டரே வேலை செய்யாவிட்டால்

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ‘வைஃபை டிரெக்ட்’. பிரிண்டர் தானே ஒரு சிறு வைஃபையை உண்டாக்கும். போனின் வைஃபைப் பட்டியலில் ‘டிரெக்ட்’ என்று தொடங்கும் பெயரில் தெரியும். கடவுச்சொல் பிரிண்டர் அச்சிட்டுத் தரும் தாளில் இருக்கும். ரவுட்டர் இல்லாமல் போனிலிருந்து நேரே அச்சிடலாம்.

மற்றது கேபிள். பிரிண்டர் பக்கம் சதுர முனை உள்ள யூ.எஸ்.பி. கேபிள் அது. பெட்டியோடு சேர்த்து அதையும் எறிந்துவிடுகிறோம். சித்தி வீட்டிலும் அதுதான் நடந்தது. ஒன்றை வாங்கி பிரிண்டருக்குக் கீழேயே வையுங்கள். அவசர நாளில் அந்தக் கேபிள்தான் கைகொடுக்கும்.

அச்சான பிறகு

கடைக்குப் போகாததற்குக் காரணம் அந்தரங்கம் என்றால், வீட்டிலும் அதைக் காப்பாற்றவேண்டும். ரவுட்டரின் நுழைவுச் சொல் வாங்கும்போது இருந்ததாகவே இருந்தால் மாற்றுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இணையத்துக்காகக் கேட்டால் கெஸ்ட் வைஃபையைக் கொடுங்கள். வைஃபை டிரெக்ட் தேவையில்லாதபோது அணைத்துவிடுங்கள். அச்சாகாமல் வரிசையில் நிற்கும் கோப்புகளை அழித்துவிடுங்கள். ஸ்கேன் செய்த படங்கள் கணினியில் எந்த இடத்தில் சேர்கின்றன என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். கடையில்தான் எடுக்கவேண்டும் என்றால், வட்ஸ்அப்பில் அனுப்பாமல் பென் டிரைவில் கொண்டுபோய், நீங்கள் நிற்கும்போதே அதிலிருந்து நேரே அச்சிடச் சொல்லுங்கள். கணினியில் பிரதி எடுத்திருந்தால் உங்கள் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

அன்றிரவு பதினொரு மணியைத் தாண்டி, புது இலக்கத்தைக் கொடுத்ததும் பிரிண்டர் ஓடத் தொடங்கியது. நான்கு பக்கத்தோடு நிற்கவில்லை. மாலையில் இருந்து நான் மறுபடி மறுபடி கொடுத்த கட்டளைகள் எல்லாம் வரிசையில் நின்றிருந்தன. முதலில் வரிசையைக் காலியாக்குங்கள் என்று மேலே எழுதியதற்கு இதுதான் காரணம். நிறுத்துவதற்குள் ஐந்து பிரதிகள் வந்துவிட்டன.

தங்கச்சி ஆசிரியை. தாள் விற்கும் விலைக்கு, மிச்சத்தின் பின்பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சித் தாள் அடிக்கலாம் என்று எடுத்தாள். பெரியம்மா கையை நீட்டி அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

“அதுல அவன் பேரு இருக்கு” என்றார்.

ஒன்றைக் காலையில் கொண்டுபோக உறையில் போட்டார். மற்ற நான்கையும் நான்கு மூலையும் சரியாக ஒட்ட அடுக்கி, பைலுக்குள் வைத்துக் கயிற்றைக் கட்டினார்.